எங்களுக்கு ஓர் அக்கா இருந்தார்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், "யாருக்கு முதலாண்டுத் திதி?" என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான். என் உடன்பிறந்தவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அட்டையில் போடப் படமும் இல்லை. இருந்த ஒன்றை அப்பா அடுப்பில் போட்டுவிட்டார்.

அக்கா பாலக்கோட்டை அடுத்த எங்கள் சிற்றூரில் பிறந்தார். எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அம்மா கழனிக்குப் போன நேரமெல்லாம் களியை ஊதி ஆறவைத்து எனக்கு ஊட்டியவர் அவர்தான். வாய் ஓயாமல் பேசுவார். பதினெட்டு வயதில் அவர் முதுகில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தோன்றியது. தொழுநோய் என்றார்கள். ஊருக்குத் தெரிவதற்குள் அப்பா அவரை ரயிலேற்றிக் கொண்டுபோய், தொலைவில் ஒரு நோயாளிகள் இல்லத்தில் சேர்த்துவிட்டு வந்தார்.

"பெரியவ காய்ச்சல்ல போயிட்டா. போன எடத்துலயே எடுத்துட்டோம்" என்றார். நானும் அதை நம்பினேன்.

பத்து ஆண்டுகள் கழித்து இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாததால் நான்தான் படித்துச் சொன்னேன். அக்கா குணமாகிவிட்டார், அழைத்துச் செல்லலாம் என்றிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வர்ற வாரம் உன்னயப் பொண்ணு பாக்க வராங்க. அவள வூட்டுக்குக் கூட்டியாரட்டுமா? நீயே சொல்லு கண்ணு" என்றார் அப்பா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பதிலாயிற்று.

மொரப்பூரில் வாழ்க்கைப்பட்டேன். ரயில் நிலையம் கூப்பிடு தூரம். அக்கா இருந்த ஊருக்கு அங்கிருந்தே வண்டி உண்டு. முதலில் அவரை நினைக்கக் கூடாதென்று பாடுபட்டேன். பிறகு பாடுபட வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள், மாடு, அறுவடை என்று ஆண்டுக்கணக்கில் அவர் நினைவே வரவில்லை. ஒரு மனுஷியை மறப்பது இவ்வளவு சுலபம் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பெற்றோரும் என் கணவரும் காலமான பிறகு, சென்ற ஆண்டு போனேன். அக்காவின் விரல்கள் மடங்கிப் போயிருந்தன. பார்வையும் போய்விட்டிருந்தது.

"யாருங்க?" என்றார்.

"பாலக்கோட்டுப் பக்கங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "எனக்கும் அந்தப் பக்கந்தானுங்க. ஒரு தங்கச்சி இருந்தாளுங்க. செத்துப் போயிட்டா."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. உசுரோட இருந்திருந்தா என்னைய வந்து பாத்திருப்பாளே."

நான்தான் அக்கா அது என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை காலம் எங்கே இருந்தாய் என்று கேட்பாரே என்று பயந்தேன். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று பணிப்பெண்ணிடம் முகவரி கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. அதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. கடைசி நாட்களில், தம் ஊர்ப்பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் தம்மைப் பார்க்க வந்ததையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அக்காவின் புண்களைக் கழுவிக் கட்டியவர்களுக்கும், அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களுக்கும், பெற்றவர்கள் போடாத மண்ணைப் போட்டவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் நன்றி சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை.

இனியாவது அவரை நினையுங்கள் என்று உங்களைக் கேட்க எனக்குத் தகுதியில்லை. நினைத்தாலும் அது அவரைப் போய்ச் சேராது.

— தங்கை