வாசலில் பிடிபட்ட விஸ்கி

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசர காலத்தில், பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடக் கூடாதென்று, வெளியே போகிற எல்லோரையும் வாசலில் சோதிப்பார்கள். சோதித்தவர் ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். ஒட்டிய கன்னம், தொளதொளத்த கால்சட்டை, சிரித்தறியாத வாய். எதையும் முகர்ந்து பார்த்துத்தான் விடுவார். டின் என்றால், சீக்கிரம் கெட்டுப்போய்ப் பதுக்க முடியாதபடி ஆணியால் ஓட்டை போடுவார்.

ஒருநாள் எங்கள் துரை, பக்கத்துத் தோட்டத்துத் துரைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு போத்தல் தந்தனுப்பினார்.

"விஸ்கிதானே, போங்கய்யா" என்றார் கான்ஸ்டபிள்.

போயிருக்கலாம். நாலு புத்தகம் படித்தவன் ஆயிற்றே, நின்று விளக்கினேன்.

"சாதா விஸ்கி இல்ல தம்பி, ஸ்காட்லாந்து சிங்கிள் கிரெய்ன். சிங்கிள்னா ஒரே ஆலையில வடிச்சது. கிரெய்ன்னா பார்லி மட்டுமில்ல, கோதுமை, சோளமும் உண்டு."

"கோதுமையா? அப்ப சாப்பாட்டுச் சாமான் லா."

"இது குடிக்கிறதுப்பா!"

"கஞ்சியும் குடிக்கிறதுதானே, ஐயா."

போத்தலில் ஆணி இறங்காதே; அதற்குப் பதிலாக மூடியைத் திருகி முத்திரையை உடைத்தார்.

"ஐயோ, நான் குடிச்சிட்டேன்னு அந்தத் துரை சொன்னா, எங்க துரை வேலைய விட்டே தூக்கிருவாரே!"

அவர் என் வாயை முகர்ந்தார். பிறகு வாசலை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, சைக்கிளில் கூடவே வந்தார். பக்கத்துத் தோட்டத்துத் துரையின் முன் விறைப்பாக நின்று, நான் குடிக்கவில்லை என்று மலாயில் சாட்சி சொன்னார். துரை எங்கள் இருவரையும் முகர்ந்துவிட்டு நம்பினார்.

திரும்பும்போது கான்ஸ்டபிள் கேட்டார்: "மத்த விஸ்கியெல்லாம் எதுலய்யா செய்றாங்க?"

"எல்லாமே ஏதாவது ஒரு தானியந்தான்."

சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"இத்தனை நாளா எத்தனை போத்தல வெளிய விட்டுட்டேன், ஐயா!"

அந்த முகத்தில் கேலி இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். இன்றுவரை தெரியவில்லை.