முட்டைக்கு வந்த குரங்குகளும் என் மகளின் குரலும்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தகர டப்பா தொங்குகிறது. அதைத் தட்டி நான் ஒரு சத்தம் போட்டால் எங்கள் மலையில் இருக்கும் அரியூர் நாட்டுக் குரங்கெல்லாம் அடிவாரத்துக்கு ஓடும். இதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது. பொய். என் மகள் இருக்கிறாள். ஆறு வயதிலேயே என்னை மிஞ்சிவிட்டாள். டப்பாவும் அவளுடையதுதான், ஒன்றாம் வகுப்பு டீச்சர் கொடுத்தது. அதில் ஆணியால் கீறியிருப்பது அவள் பெயர். எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான். இதைக்கூட நான் எழுதவில்லை. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. பிழையிருந்தால் மகள் திருத்துவாள்.

நான் பள்ளிக்கூடம் போனது மொத்தம் மூன்று நாள். மூன்றாம் நாள் வாத்தியார் பேர் கூப்பிட்டபோது எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் கோழியிடம்கூட வாயாடுகிறவனுக்கு, அத்தனை பேரும் திரும்பிப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. “வாயில என்னடா கொழுக்கட்டையா?” என்றார் அவர். வகுப்பே சிரித்தது. அன்றைக்குப் பலா மரத்தில் ஏறியவன்தான், பள்ளிக்கூடம் இருக்கும் பக்கம் இறங்கவே இல்லை. ஊரில் என்னைப் பெரிய தமாஷ் ஆள் என்பார்கள். அடுத்தவன் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரிக்க வைத்துவிட்டால் அவ்வளவாக வலிக்காது. என் திறமையெல்லாம் அங்கே கற்றதுதான்.

மகளுக்கும் அதே நோய் வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்து இரண்டு மாதமாகியும் டீச்சர் பேர் கூப்பிட்டால் பதிலே இல்லை. மற்ற பிள்ளைகள் ‘ஊமச்சி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். காலையில் பையைக் கண்டாலே அழுகை. போதும், பிள்ளை என்னோடு மரவள்ளிக்கிழங்குக் காட்டிலேயே இருக்கட்டும் என்று ஒரு மத்தியானம் அவளைக் கூட்டி வரப் போனேன்.

டீச்சர் அடிவாரத்து ஊர்க்காரர், சின்ன வயது. மலைப்பாதையின் எழுபது வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே பஸ்ஸில் வருபவர். அப்போது சத்துணவு நேரம். மதில் மேல் ஏழெட்டுக் குரங்குகள். முட்டை வாளியை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மறு கையில் தகர டப்பாவோடு டீச்சர் வாசலில் நின்றார். அவர் டப்பாவை ஆட்ட ஆட்ட, குரங்குகள் வேடிக்கைதான் பார்த்தன.

“ஏனுங்க, வீட்லயும் பாப்பா பேசாதுங்களா?” என்று கேட்டார், நான் வந்த காரியத்தைச் சொன்னதும்.

“ஊட்லீங்களா? வாயை மூட மாட்டாளுங்க. காட்டுல அவ ஒரு சத்தம் போட்டா ஒத்தைக் குரங்கு நிக்காதுங்க. என்னையப் பார்த்தாத்தான் பயப்படாது, சொந்தக்காரன்னு நெனச்சுக்குது.”

டீச்சர் என்னை விட்டுவிட்டு, தட்டோடு வரிசையில் நின்ற மகளைப் பார்த்தார். “கண்ணு, எனக்குக் குரங்குன்னா ரொம்ப பயம். நீ வெரட்டித் தர்றியா?”

டீச்சருக்குப் பயம் வரும் என்பதும், அதைப் பிள்ளைகள் முன்னால் சொல்லலாம் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. மகள் டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள். கையை வாயருகே குவித்தாள். “ஓஓஓய்!” மதில் காலி. சமையலக்காவின் கரண்டியும் கீழே விழுந்தது. ஊமச்சி என்று பேர் வைத்தவனே, “இன்னொருக்கா கத்து புள்ள!” என்றான்.

நான் அவளைக் கூட்டிப் போகவில்லை. மிச்சம் நின்ற குரங்குபோல மதிலுக்கு வெளியே நின்றேன். மத்தியான வருகைப் பதிவுக்கு டீச்சர் அவள் பேரைக் கூப்பிட்டார், வழக்கம்போலக் காத்திருந்தார். என் நாக்கு ஒட்டிக்கொண்டது.

“உள்ளேன் டீச்சர்!”

எதிர்மலை வரை போய்த் திரும்பியது அந்தக் குரல். தன்னால் முடிகிற காரியம் ஒன்று அந்த இடத்துக்கும் தேவைப்பட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் வாத்தியாரும் ‘உனக்கு மரம் ஏறத் தெரியுமாடா?’ என்று கேட்டிருந்தால் நான் கலெக்டராகியிருப்பேன். அதுவும் பொய். ஆனால் நாலாம் நாள் போயிருப்பேன்.

டீச்சர் மாற்றலாகிப் போன அன்று பேரைக் கீறி இந்த டப்பாவைக் கொடுத்தார். பஸ் புறப்பட்டதும் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மகள் ஓடிப்போய் டிரைவருக்கு முன்னால்...

“அப்போவ்! போன்ல யாருகிட்டீங்க அளக்கறீங்க? லாரி வந்து நிக்குது, கெழங்கு ஏத்த ஆளில்ல!”

பள்ளத்துக் காட்டிலிருந்து கூப்பிடுகிறாள். இப்போது பத்தாவது படிக்கிறாள். டப்பா சுவரில் சும்மா தொங்குகிறது. இவள் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லியாக வேண்டும்.

“உள்ளேன் டீச்சர்!”