தம்பி போட்ட வாக்கு

2009இல் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மரக்கறிக் கடையில் ஊர்க்கார அண்ணை ஒருவரும் நானும் ஒரே ஷிப்ட். மெலிந்த ஆள். வலது பெருவிரல் நகம் எப்பவும் சாம்பல் நிறமாக இருக்கும். வெளிநாட்டுக்குப் பேச வாங்குற டெலிபோன் காட்டில் நம்பரைச் சுரண்டிச் சுரண்டி வந்த நிறம்.

முந்தின வருசம் அமெரிக்கத் தேர்தல் வந்தபோது, அங்கே இருக்கிற சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் அடித்தாராம். "அந்தக் கறுப்பு மனிசனுக்குப் போடுங்கோ, அவர் வந்தால் ஊரில சண்டையை நிப்பாட்டுவார்" என்று கெஞ்சினாராம். சொந்தத் தம்பிதான், "வரி கட்டுறவன் நான். மற்ற ஆளுக்குத்தான் போடுவன்" என்றானாம். அதோடு தம்பியுடன் பேச்சில்லை.

இவர் சொன்ன ஆள்தான் வென்றார். சண்டை நிற்கவில்லை. இவருடைய அக்கா வன்னிக்குள் அகப்பட்டிருந்தா.

வைகாசியில் ஒரு மத்தியானம் அக்கா செல் குண்டு விழுந்து செத்த செய்தி வந்தது. அரிசி மூட்டையில் இருந்தபடி தம்பிக்குப் போன் அடித்தார்.

"டேய், நான்தான். அக்கா போயிட்டாவடா."

கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை வைத்தார்.

"என்னவாம் அண்ணை?"

"என்ர ஆளுக்குத்தான் போட்டவனாம். எனக்குக் கோவமேத்தத்தான் அப்பிடிச் சொன்னவனாம்."

"நல்லதுதானே?"

"பொய் சொல்லுறான். அவனுக்குச் சின்னனிலையே ஒழுங்காப் பொய் சொல்ல வராது."

தம்பி சொன்னது பொய்யோ மெய்யோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அந்தப் பொய்யனுக்குத்தான் போன் அடித்தார்.