ஐந்து குவாட்டர், ஒரு கட்டிங், இரண்டு டீஸ்பூன்

ஏற்காட்டில் எங்கள் வெள்ளக்கடைப் பக்கம் குடிக்கிறவர் இல்லாத வீடுகூட இருக்கும், குவாட்டர் பாட்டில் இல்லாத வீடு இருக்காது. ஒன்றில் விளக்கெண்ணெய், ஒன்றில் தேன், இன்னொன்றில் மூட்டுவலித் தைலம். கழுவிக் காயவைத்துவிட்டால் அதற்குப் பழைய பாவம் எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, போன வாரம் நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "ஒரு லிட்டருக்கு எத்தன மில்லிம்மா?" என்று கேட்டதும், "அஞ்சு குவாட்டரு, ஒரு கட்டிங், ரெண்டு டீஸ்பூன்" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் திருதிருவென்று விழித்தாள். நல்லவேளை, டீச்சர் பக்கத்தில் இல்லை!

ஆனால் கணக்கு சரிதான், போட்டுப் பாருங்கள். குவாட்டர் என்பது நூற்றியெண்பது மில்லி. ஐந்து ஊற்றினால் தொள்ளாயிரம். கட்டிங் என்றால் அதில் பாதி, தொண்ணூறு. டீஸ்பூன் ஐந்து மில்லி, இரண்டுக்குப் பத்து. ஆயிரம் வந்துவிட்டதா? இதைக் கண்டுபிடித்தவர் என் கணவரின் அக்கா. எங்கள் வழக்கப்படி நான் அவரை நங்கையா என்று கூப்பிடுவேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற வேலை. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று குடைந்துகொண்டே இருப்பார். பஸ்ஸில் போனால் கண்டக்டர் தலைதெறிக்க ஓடவேண்டும். ஏற்காட்டுக்கு இருபது வளைவு என்று போர்டு வைத்தவன் எதை வளைவு என்று எண்ணினான் என்று கேட்கிற ஆள்.

மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. விடிந்ததிலிருந்து நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நர்சம்மா வந்து பார்த்து உப்புச் சர்க்கரைப் பாக்கெட் இரண்டு கொடுத்தார். "ஒரு பாக்கெட்டுக்குச் சரியா ஒரு லிட்டரு, காய்ச்சி ஆறவச்ச தண்ணி. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். மத்தியானத்துக்குள்ள தெளியலீன்னா சேலத்துக்குத் தூக்கிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வீட்டில் லிட்டர் அளவு எதுவும் இல்லை. நான் தவித்துக்கொண்டு நிற்க, நங்கையா விளக்கெண்ணெய் படாத குவாட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துச் சுடுதண்ணீரில் கழுவினார். "இதுக்குப் போயி மொகத்த ஏன் இப்புடி வச்சிருக்கற கண்ணு? குவாட்டருன்னா காலு. நாலு காலு ஒரு லிட்டரு. அவ்வளவுதான?" அதில் என்ன தப்பு? பன்னிரண்டாவது படித்த எனக்கும் சரியாகத்தான் பட்டது. நாலு ஊற்றிக் கரைத்து, ஸ்பூனால் புகட்டினோம். குழந்தை குடித்தாள். குடித்துவிட்டு இன்னும் கேட்டு அழுதாள். கொடுக்கக் கொடுக்கத் தாகம் கூடியதே தவிர அடங்கவில்லை.

நங்கையா ஒரு ஸ்பூன் எடுத்துத் தன் நாக்கில் விட்டுப் பார்த்தார். முகம் சுளித்தார். "உப்புக் கரிக்குதே! கொழந்தைக்குக் குடுக்கறது இப்புடியா இருக்கும்?" பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அடியில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். கண்ணாடியிலேயே மேடாக ஓர் எண் இருந்தது. "இதென்ன புள்ள, நூத்தியெம்பதுன்னு போட்டிருக்குது? எரநூத்தியம்பதல்ல இருக்கோணும்?" இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாலு குவாட்டர் எழுநூற்றியிருபதுதான். கரைத்ததைக் கீழே கொட்டினார். இரண்டாவது பாக்கெட்டை வைத்துக்கொண்டு விரல்விட்டுக் கூட்டினார். ஐந்து குவாட்டர், ஒரு கட்டிங், இரண்டு டீஸ்பூன்.

மத்தியானத்துக்குள் குழந்தை, விடிந்ததிலிருந்து முதல் தடவையாக, மூத்திரம் போனாள். என் சேலை முழுக்க நனைந்தது. அன்று நான் அழுத அழுகை சந்தோஷ அழுகை.

ஆனால் நங்கையா விடவில்லை. கால் என்று பேர் வைத்துவிட்டுக் கால் இல்லாமல் போனது எப்படி? சாயங்காலம் தம்பியைப் பிடித்துக்கொண்டார். என் கணவருக்கு அந்தத் துறையில் கொஞ்சம் அனுபவம் உண்டு. "ஃபுல்லுன்னாலே முக்கா லிட்டருதாங்க்கா. அதுல காலு இது" என்றார். "முக்காலப் போயி எவனாச்சும் முழுசுன்னு சொல்லுவானா? செரி, எழுநூத்தியம்பதுல காலு நூத்தியெம்பத்தேழரையல்ல வருது? அந்த ஏழர எங்கடா போச்சு?" "அது குடிக்கறவன் தலைமேல ஏறி உக்காந்திருச்சு" என்றார் இவர். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன். நங்கையா சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் குழந்தைக்கு எடை பார்க்க நர்சம்மா வந்தார். நங்கையா வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்.

"ஏனுங்க நர்சம்மா, அந்தத் தண்ணி லிட்டருக்குக் கொறஞ்சா கொழந்தைக்கு என்னாகுமுங்க?"

"ரத்தத்துல உப்பு ஏறிருமுங்க. தாகம் அடங்காது."

"அதுக்கும் மேல போச்சுன்னா?"

"வலிப்பு வருமுங்க."

நங்கையா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். "எம் பையனுக்கு வலிப்பு வந்துதானுங்க போச்சு. அன்னைக்கும் நாந்தான் கரைச்சேன். நாலு குவாட்டரு."

அவருக்கு ஒரு மகன் இருந்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் சொன்னதில்லை. நர்சம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போக்கு நிக்காததாலகூட உசுரு போயிருக்கலாங்க்கா. இப்ப யாரால சொல்ல முடியும்?" என்றார். அது உண்மையா, ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நங்கையாவும் அதற்குமேல் கேட்கவில்லை.

இப்போது கிளியூர் வரைக்கும் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் நங்கையா போய்விடுகிறார். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்பதில்லை. "ஊட்ல லிட்டரு பாட்டலு இருக்குதா?" என்பதுதான் முதல் கேள்வி. எல்லோரும் சிரிக்கிறார்கள். கூடப் போகிற நான் சிரிப்பதில்லை.