காதர் பாயின் முழங்கால் வலி

புதுத் துணியின் கஞ்சி வாசம்... அதோடு ஏசி காற்றில் கலந்த ரூம் ஸ்ப்ரே. இன்றைக்கும் அந்த வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் கெண்டைக்கால்தான் வலிக்கும்.

கல்யாணமான புதிதில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், நைட்டி செக்‌ஷனில் சேல்ஸ் கேர்ளாக இருந்தேன். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும் வரை நிற்க வேண்டும். கஸ்டமரே இல்லாவிட்டாலும் நிற்கணும். மத்தியானம் மட்டும் மாடி ரூமில் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். எல்லா இடத்திலும் கேமரா. முதலாளி கல்லாவில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார்.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நைட்டி கீழே விழுந்துவிட்டது என்று ஒருத்தி குனிவாள். குனிந்தவள் கவுன்டருக்குப் பின்னால் அப்படியே குத்தவைத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக மடித்துக்கொண்டிருப்பாள். அந்தக் கடையில் விழுந்த அளவுக்கு உலகத்தில் வேறெங்கும் நைட்டி விழுந்திருக்காது.

பிறகு நான் மாசமானேன். அஞ்சாம் மாசத்தில் குனிய முடியவில்லை. கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை.

எங்கள் கடையில் பிள்ளைத்தாய்ச்சியை யாரும் வேலையை விட்டுப் போ என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே. கால் தாங்காமல் அவளே ஒருநாள் வராமல் இருந்துவிடுவாள். மறுவாரம் அந்த இடத்தில் வேறு பெண் இருப்பாள்.

எனக்கோ வேலையை விட வழியில்லை. வீட்டுக்காரர் பார்த்த ஸ்பின்னிங் மில்லை மூடிவிட்டார்கள். அவர் வேறு வேலை தேடி அலைந்துகொண்டிருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ராத்திரி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, நாளைக்கு ஒரு நாள் மட்டும் தாங்கு மாதாவே என்று கும்பிடுவேன்.

கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஒரே இடம் பட்டு செக்‌ஷன். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் கஸ்டமரும் உட்காருவார்கள், சேலை எடுத்துப் போடுகிறவரும் உட்காருவார். பல வருஷமாக அது காதர் பாயின் இடம். ஐம்பது வயசு இருக்கும். பேகம்பூர்காரர். அதிகம் பேச மாட்டார்.

ஒருநாள் அவர் முதலாளியிடம் போய், முழங்காலை மடக்க முடியவில்லை, டாக்டர் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார், நிற்கிற செக்‌ஷனில் போட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அப்புறம் பட்டுக்கு யார் என்று முதலாளி முழித்தபோது, என் பேரைச் சொன்னாராம். "தீவாளிக் கூட்டத்துல அருளு எப்பிடி எடுத்துப் போட்டுச்சு, பாத்தீங்கள்ல. பொம்பளைக வாங்குறதுக்குப் பொம்பளையே இருந்தா நல்லதுதான மொதலாளி."

மறுநாள் நான் மெத்தையில். பாய் நைட்டி செக்‌ஷனில்.

கடையே சிரித்தது. வருகிற பெண்கள் அவரைப் பார்த்ததும் சைஸ் சொல்லக் கூச்சப்பட்டு நடையைக் கட்டினார்கள். பாய் தரையைப் பார்த்தபடியே நாலைந்து நைட்டியைக் கவுன்டரில் வைத்துவிட்டு, ரெண்டடி தள்ளிப்போய்ச் சுவரைப் பார்த்து நிற்பார். அவர்களே பார்த்து எடுத்துக்கொள்வார்கள். போகப் போக அங்கேயும் வியாபாரம் பிடித்துவிட்டது.

எனக்கோ அவர் முழங்காலை நினைத்துப் பாவமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டைக்கூட மாடியில் நின்றபடிதான் சாப்பிட்டார். மனசு கேட்காமல், மூட்டுவலிக்கு நல்லது என்று முடக்கத்தான் தோசை சுட்டு எடுத்துப்போக ஆரம்பித்தேன். ஒரு துண்டு மிச்சம் வைக்க மாட்டார். இன்றைக்குக் கொஞ்சம் தேவலை என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் செக்கப் முடிந்து கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் பள்ளிவாசல் கேட் திறந்திருந்தது. உள்ளே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பாய் குத்தவைத்துக் கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, எதையும் பிடிக்காமல், வாலிபப் பையன் மாதிரி சட்டென்று எழுந்து உள்ளே போனார்.

முழங்கால் வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னை உட்கார வைக்க மனுஷன் பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் சோற்றைக்கூட நின்றுகொண்டு தின்றிருக்கிறார். ரோட்டிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் மெல்லக் கேட்டேன். "பாய்... முழங்கால் நல்லாத்தான இருக்கு?"

அவர் கேமராவை ஒரு பார்வை பார்த்தார். "பாத்துட்டியாக்கும். மொதலாளிகிட்டச் சொல்லிறாதம்மா... தோசையையும் நிப்பாட்டிறாத."

மறுநாளும் தோசை சுட்டு எடுத்துப்போனேன்.

பிரசவத்துக்கு முந்தின வாரம் வரை வேலை பார்த்தேன். மகள் பிறந்து, திரும்பிப் போனபோதும் என் இடம் அப்படியே இருந்தது. பாய்க்கு இன்னும் கால் சரியாகவில்லையே! போதும், குணமாகிவிட்டது என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "நின்னு பழகிருச்சும்மா. இப்பச் செத்த நேரம் உக்காந்தாத்தான் வலிக்குது" என்றார். வேலையை விட்டுப் போகும் வரை நின்றார். இன்றைக்கு எனக்கு ஒரு வீடு, காலேஜ் போகிற மகள் என்று எல்லாம் இருக்கிறது. அந்த நன்றியை எந்த ஜென்மத்தில் தீர்ப்பேன்...

இப்போது அதே கடையில் நான் ஃப்ளோர் இன்சார்ஜ். கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று சட்டமே வந்துவிட்டது. ஸ்டூல் வந்து இறங்கிய அன்று ஒருத்தியும் உட்காரவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். நானும்தான். ஊர் உலகத்தில் எல்லாம் மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டில் ஏதோ குடோனில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், பாத்ரூம் போகிற நேரத்தைக்கூட அங்கே மெஷின் கணக்கெடுக்கிறது என்று போனில் சொல்கிறான்.

போன வாரம் நத்தம் பக்கமிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். செக்‌ஷனைக் காட்டினேன். பையை வைத்த கையோடு கேட்டாள்.

"அக்கா, என் ஸ்டூலு எங்க இருக்கு?"

எனக்குத் திக்கென்றது. எங்கள் காலத்தில் அப்படி ஒரு வார்த்தை வாயில் வந்திருக்குமா? கையைக் காட்டினேன். இழுத்துப் போட்டு, காலை நீட்டி, நன்றாக உட்கார்ந்தாள்.

ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லவில்லை.

மனசு நிறைந்துபோனது.