போகிறவர்களுக்கு மட்டும் கேசரி

மயிலாப்பூரில் நான் நடத்தும் தையல் கடையில் மூன்று மெஷின்களும் துணி வெட்ட ஒரு மேஜையும் உண்டு. ஆறு வருடமாக அதே மெஷின்கள்தான். அவற்றின் முன்னால் உட்காருகிறவர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியின் முகம் பழகுவதற்குள், "அடுத்த வாரத்துலேர்ந்து வர மாட்டேன் டீச்சர்" என்று வந்து நிற்பாள். சிலர் தி.நகர் கடைகளுக்குப் போனார்கள், சிலர் காரணமே சொல்லாமல் போனார்கள்.

டீச்சர் என்பது என் பழைய வேலையின் மிச்சம். பள்ளியில் இருந்தபோது, ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பிரிவு உபசார விழா நடத்துவது என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தைக் கடைக்கும் கொண்டுவந்துவிட்டேன். யார் வேலையை விட்டாலும் கடைசி நாள் மாலை சால்வை, கேசரி, போட்டோ, நானே எழுதிப் படிக்கும் ஒரு பக்க வாழ்த்துரை. ஜாக்கெட்டின் இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்த ஒரு புண்ணியவதியைக்கூட "நம் கடையின் தூண்" என்று புகழ்ந்திருக்கிறேன். மற்ற நாட்களில் என் வாயே வேறு. கழுத்து இறங்கினால் கத்துவேன், தையல் கோணினால் கத்துவேன், எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன். சரியாகத் தைக்கத்தானே சம்பளம் என்பது என் கட்சி.

ஆட்களை நிறுத்தி வைக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். சம்பளத்தைக் கூட்டினேன். புது மின்விசிறி மாட்டினேன். யூடியூபில் கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னார் என்று, திங்கட்கிழமை காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துக் கை தட்டச் சொன்னேன். அளவு கொடுக்க வந்த ஒரு மாமி, "பஜனையா? சொல்லவே இல்லையே!" என்று செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தானும் தட்டினார். மறுவாரம் கைதட்டல் பிடிக்காமல் ஒருத்தி வேலையை விட்டாள். அவளுக்கும் கேசரி கிண்டினேன்.

இத்தனையிலும் அசையாமல் இருந்தவள் ஒருத்திதான். பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவள். துணி வெட்டுவது முழுக்க அவள் பொறுப்பு. எனக்கு வெட்ட வராது. நான் வெட்டிய ஒரே ஜாக்கெட் இப்போது இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது. அவள் போனால் கடைக்குப் பூட்டுதான்.

மார்கழி நடுவில், தை மாதக் கல்யாண ஜாக்கெட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்திருந்தபோது அவள் சொன்னாள்: "டீச்சர், இந்த சனிக்கிழமையோட நின்னுக்கறேங்க."

ஏன் என்று கேட்டேன். "சும்மாதாங்க" என்றாள். கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை. வேறு எதுவும் செய்யத் தெரியாமல் ரவை வாங்கி வந்தேன்.

வாழ்த்துரை இந்தத் தடவை ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. ஒரு தோள் தாழ்ந்த வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்காமலே, அது வெளியே தெரியாதபடி அவள் வெட்டிக் கொடுத்ததை எழுதினேன். பெருமழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து துணிகளையெல்லாம் பரணில் ஏற்றியதை எழுதினேன். சனிக்கிழமை அதைப் படிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. நான் லேசில் அழுகிறவள் இல்லை. "நீ இல்லையென்றால் இந்தக் கடையே இல்லை" என்று எப்படியோ முடித்தேன்.

அவள் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், இதெல்லாம் பாத்துக்கினுதான் இருந்தியா? நாலு வருசமா கீறேன், ஒரு நாளு சொன்னியா? நேத்து வந்தவளுக்கெல்லாம் தூணுன்னு படிக்கிற. எனக்கு இன்னா எழுதுவேன்னு கேக்கத்தான் நின்னுக்கறேன்னேன்."

"அப்போ நீ போகலியா?"

"எங்க போறது? திங்கக்கிழமை பதினோரு ஜாக்கெட்டு வெட்டணும். அந்தக் கேசரிய இப்டி குடு."

திங்கட்கிழமை கடையைத் திறந்தால், மற்ற மூன்று பேரும் என் மேஜையில் ஆளுக்கொரு காகிதம் வைத்தார்கள். ஒரே நோட்டிலிருந்து கிழித்தது, ஒரே வாசகம்: சனிக்கிழமையோடு நின்றுகொள்கிறேன். சிரிப்பை அடக்கத் தெரியாமல் மூவரும் தரையைப் பார்த்தார்கள். வெட்டும் மேஜைக்காரி மட்டும் ரொம்ப மும்முரமாக வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் எழுத உட்கார்ந்தேன்.

முதலாமவளுக்கு ஒரு பக்கம் வந்தது. இரண்டாமவளுக்கு அரைப் பக்கம். மூன்றாமவள் மூலையில் உட்கார்ந்து கொக்கி வைக்கிற சின்னப் பெண், வந்து ஐந்து மாதம் ஆகிறது. அவளுக்கு "அன்புள்ள" என்று எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. வெட்கமாக இருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டு, அவள் தைப்பதைப் பார்க்க உட்கார்ந்தேன்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "இன்னா டீச்சர், நான் எதுனா தப்பா தச்சிட்டனா?"

"தப்பு ஒண்ணும் இல்லைம்மா, நீ தை" என்றேன். அவள் நம்பவில்லை.