ரோசியைப் பார்க்க பர்மிஷன்

புதிதாக வாங்கிய கைபேசி நாள் முழுக்க என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேமராவைத் தொடலாமா, நான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா? இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. அந்தக் கூச்சத்திலேயே எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டிவிடுகிறேன்.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவனுக்கு அனுமதி என்றால் பர்மிஷன்தான். ஷிஃப்ட் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாடி கிளம்புவதற்கு அதுதான் பெயர். அப்பா, "இன்னிக்கு பர்மிஷன் போட்டிருக்கேன்" என்றால் யாருக்கோ கல்யாணம், இல்லை அவருக்குப் பல்வலி. லீவ் என்ற சொல்லுக்கும் அனுமதி என்றே பொருள் உண்டு என்று அகராதியில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்தாலும் நம் பத்திரிகைகள் 'அனுமதி' என்றுதான் போடுகின்றன. உள்ளே விடவும் வெளியே விடவும் ஒரே சொல்.

அந்த அகராதியை வாங்கியது முதல் வேலையில் சேர்ந்தபோது. சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டரிடம் டைப்பிஸ்ட். என் இங்கிலீஷ் மேல் எனக்கு அபார மதிப்பு இருந்த காலம். ஆபீஸைப் பெருக்கித் துடைத்தவர் லூர்துமேரி அக்கா. இன்றைக்கும் பினாயில் வாடை அடித்தால், ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு அவர் என் மேஜைப் பக்கம் வந்து நின்ற காலைதான் ஞாபகம் வருகிறது.

"தம்பி, கல்லற திருநா வருதுங்க. மைன்ஸுக்கு உள்ள போயி எம் பொண்ணப் பாத்துட்டு வரணும். ஒரு பர்மிஷன் எழுதிக் குடுங்க."

அவர் மகள் ரோசி, நாலு வயதில் காய்ச்சலில் போனவள். ஊர்க் கல்லறையில் ஒரு வேப்பமரத்தடியில் புதைத்திருந்தார்கள். பின்னால் சுரங்கத்துக்காக ஊர் காலியானது; கல்லறையும் சுரங்க எல்லைக்குள் போனது. சிலர் தங்கள் வீட்டுக் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைப் புது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அக்காவின் புருஷனைக் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை.

நான் டைப் அடித்துக் கொடுத்தேன். மண் சரியும் இடம், வெளியாட்களை விட முடியாது என்று பதில் வந்தது. மறுவருஷம் கேட்டார். சொல் சரியில்லையோ என்று எனக்குப் பட்டது. அகராதியைப் புரட்டி, பர்மிஷனை எடுத்துவிட்டு கன்சென்ட் என்று போட்டேன். அதற்கடுத்த வருஷம் சாங்ஷன். எந்தச் சொல்லைப் போட்டாலும் அதே பதில்.

"எல்லாத்துக்கும் ஒரே அர்த்தந்தானே தம்பி?" என்றார் அக்கா. இல்லை, நுணுக்கமான வித்தியாசம் இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரமே அவர் ஆபீஸ் வேலையை விட்டார். அதே காண்ட்ராக்டரிடம், சுரங்கத்துக்குள் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்தும் மண்ணை அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தார். வெயிலும் புழுதியும் இடுப்பை ஒடிக்கும். ஆனால் அந்த வேலைக்கு கேட் பாஸ் உண்டு.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் ஆபீஸுக்கு வந்தார்.

"பாத்துட்டேன் தம்பி. சிலுவ ஒடஞ்சி கெடக்குது. மெழுகுவத்தி நிக்கல, ஒரே காத்து. கையால மறச்சிகினே குந்திகினு இருந்தேன்."

அப்படி ஒருமுறைதான் பார்த்தார். மழை ஓய்ந்ததும், மண் வெட்டும் ராட்சத இயந்திரம் அந்தப் பக்கம் திரும்பியது. வேப்பமரம் வரைக்கும் வெட்டப்போகிறார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். பிள்ளையின் எலும்பையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று அக்கா அவரிடம் கெஞ்சினார். அதற்குத் தனி பர்மிஷன் வாங்க வேண்டுமாம்.

இந்தத் தடவை அவர் என்னிடம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். காவல்காரர் பார்த்து ஓடிவருவதற்குள், தோண்டியதைச் சோற்றுத் தூக்கில் அள்ளி மூடிவிட்டார். பாஸைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். அதோடு வேலையும் போனது.

பாக்கிக் கூலி வாங்க ஆபீஸுக்கு வந்தவரிடம், என் புத்தி, "கேக்காம ஏன்க்கா போனீங்க?" என்றேன்.

"அன்னிக்கி எம் புள்ளய வுட்டுட்டு வரலாம்னு முடிவு பண்ணாங்களே, அப்ப என்னய யாரு கேட்டாங்க?"

தூக்கில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "எலும்பு ஒண்ணும் ஆம்புடல. வெறும் மண்ணுதான். அந்தத் தூக்குல அப்பறம் நான் சோறு போடல தம்பி."

பிறகு காடாம்புலியூர்ப் பக்கம் தங்கை வீட்டோடு போய், முந்திரிக்கொட்டை உடைத்தார். அந்த மண்ணை அங்கே கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் புதைத்துவிட்டதாகப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னார். கொட்டைத் தோலிலிருந்து வடியும் பால் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது. சில வருஷங்களில் அவரும் போய்விட்டார். செய்தி எனக்கு வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

இயந்திரம் அந்த இடத்தைத் தாண்டிப் போய் எவ்வளவோ காலமாகிறது. நிலக்கரி எடுத்த பள்ளத்தை மூடி மரம் வைத்திருக்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். காவல் கொட்டகை இல்லை. எங்கே போறீங்க என்று கேட்க ஆளும் இல்லை. வண்டியை ஓரம்கட்டிவிட்டு மரங்களுக்குள் நடந்தேன். ஊர் எந்தப் பக்கம் இருந்தது, வேப்பமரம் எங்கே நின்றது, ஒன்றும் பிடிபடவில்லை. காலடியில் கிடந்ததெல்லாம் வேறெங்கோ வெட்டிக் கொண்டுவந்து கொட்டிய மண்.